எடுக்காத பொட்டலம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் என்ன பேசுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? முழங்கால் வலி, சர்க்கரை, அப்புறம் பிள்ளைகள் போடும் சட்டம். மாடிப்படி ஏறாதே, வண்டி எடுக்காதே, தனியாகப் பஸ்ஸில் போகாதே. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் மகன் வீட்டில் எனக்கும் இதே சட்டம்தான். தெருமுனைக் கடைக்குப் போய்வந்தால் கூட மருமகள் வாசலிலேயே விசாரணையை ஆரம்பித்துவிடுவாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அந்தக் கோபம் வந்த வேகத்தில் அடங்கியும் விடும். ஏனென்றால் நான் ஒருகாலத்தில் எந்தப் பக்கம் நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

நான் சொல்லப்போகிறவர் என் அப்பாவின் சித்தப்பா. அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கத்தில் அப்பாரு என்போம். இவர் சின்ன அப்பாரு. என் அப்பாவுக்கு நான்கு வயதாகும்போதே அவரைப் பெற்றவர் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் மகனைத் தோளில் போட்டு வளர்த்தவர் சின்ன அப்பாருதான். பரமத்தி வேலூரில் ஆற்றை ஒட்டி எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. கொடிக்காலுக்குக் கைக்குழந்தைக்குப் போல எந்நேரமும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பா தலையெடுக்கும்வரை அவர் அதை விட்டு ஒருநாள் நகரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அப்பா வளர்ந்து பொறுப்பேற்றதும் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் ஓய்ந்து உட்காரும் வயதில் அவர் ஆரம்பித்தார். முதல் பயணம் சைக்கிளில் காசிக்கு. ஐந்து மாதம் கழித்துக் கரிக்கட்டையாக வந்து இறங்கினாராம். அடுத்தது லோடு லாரியின் மேலே, தார்ப்பாயின் மீது படுத்துக்கொண்டு அஸ்ஸாம் வரை. அறுபது வயதில் புளியஞ்சோலையிலிருந்து ஓடையைப் பிடித்துப் பாறை பாறையாக ஏறி, கொல்லிமலை அருவியின் அடியில் போய் நின்றார். ரோடு இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு, ரோடு போட்டவன் பார்த்ததை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று பதில் சொன்னார்.

போன இடத்திலிருந்து அப்பாவுக்கு அஞ்சலட்டை வரும். எழுத்துக்கூட்டி எழுதுகிறவர் என்பதால் ஆறேழு சொல்லுக்கு மேல் இருக்காது. "சுகம். மழை. நாளைக்கு மலை." அவ்வளவுதான். அந்த அட்டைகளும், வடக்கே வாங்கிய கம்பளிக் குல்லாவும், அஸ்ஸாம் ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. பெட்டியைத் திறந்தால் கற்பூரமும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாடை வரும். சித்திரை வெயிலில் அந்தக் குல்லாவை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடுங்கிக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். வீட்டை இடித்துக் கட்டியபோது அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

இத்தனை துணிச்சல்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் சிறுபிள்ளை. வீட்டில் ஒருவரையும் கேட்கமாட்டார். ஆனால் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் வாசற்படி தாண்டமாட்டார். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். எங்கள் கோயிலில் வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் என்று பூவரச இலையில் ஒரே மாதிரி மடித்து, வாழைநாரில் கட்டி, பூசை செய்யும் பண்டாரம் அம்மன் காலடியில் போடுவார். ஒரு பெண்குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. எடுத்த குழந்தையே அதைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட வேண்டும். அம்மன் சொல்லாமல் வைத்துக்கொண்ட வார்த்தை அது, நாம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார் சின்ன அப்பாரு. காசிக்கும் அஸ்ஸாமுக்கும் அருவிக்கும் அவருக்கு வெள்ளைதான் வந்திருந்தது. அதனால் தனக்கும் அம்மனுக்கும் ஏதோ தனி உறவு இருப்பதாக அவர் நம்பினார். அவள் நம்ம கட்சி என்பார்.

எனக்குப் பத்து வயதான வருஷம், ஆனி மாதத்தில், அவர் பரிசல் கட்ட ஆரம்பித்தார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு. பரிசல் துறையில் ஆள் இருந்தாலும் தன் கையாலேயே கட்ட வேண்டும் என்று பிடிவாதம். மூங்கில் பிளாச்சுகளை ஆற்றில் ஊறப்போட்டு, வளைத்து, பின்னி, மேலே யூரியாச் சாக்கை இழுத்துத் தைத்துத் தார் பூசினார். தார் கொதிக்கும் வாடையில் மாடுகள் தண்ணீர் குடிக்க மறுத்தன. அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். தார் காய்ந்ததும் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்து பழகினார். வழியில் குறுக்கே அணைகள் வருமாம், அங்கெல்லாம் சுமந்துகொண்டுதான் தாண்ட வேண்டுமாம். நானும் உள்ளே புகுந்து அவரோடு நடப்பேன். உள்ளே இருட்டாக, சூடாக, மூங்கிலும் தாருமாக மணக்கும். வெளியே தெரிவது எங்கள் நான்கு கால்கள் மட்டும். வயலில் இருப்பவர்கள் ஆமை போகிறது என்று கத்துவார்கள்.

எங்கே போகிறார் என்று அவர் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காவிரியில் பரமத்தி வேலூரிலிருந்து கடல்வரைக்கும், பூம்புகார்வரைக்கும், பரிசலிலேயே. அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பூம்புகார்தானே பார்க்க வேண்டும், நானே பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினார்.

"பஸ்ஸுல போனா ரோடு எங்க போகுதுன்னுதாண்டா தெரியும்," என்றார் சின்ன அப்பாரு. "நாப்பது வருசமா இந்தத் தண்ணியில வெத்தல வளத்தேன். நம்ம வூட்டைத் தாண்டி அது எங்க போயி முடியுதுன்னு ஒருக்காவாச்சும் கூடவே போயிப் பாக்கோணும். அவ்வளவுதான்."

அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்று அம்மா என் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேட்டூரைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு கரையை முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் போனது. கொடிக்காலில் நின்றால் தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்த ஆற்றில், தைத்த சாக்கை நம்பி, தன்னை வளர்த்தவர் தனியாகப் போகப்போகிறார் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பிள்ளைகளுக்கு அப்பா பெரிய ஆள். ஆனால் சின்ன அப்பாரு விஷயத்தில் அவர் கடைசிவரை அந்த நான்கு வயதுப் பையன்தான். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது அப்பா ஒரு வில்லனாகத்தான் தெரிந்தார்.

ஆடிப் பதினெட்டு முடிந்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் பூக் கேட்டோம். எடுக்கும் குழந்தை நான். தலைக்குக் குளித்து, ஈரப் பாவாடையோடு நின்றேன். பண்டாரம் என் முகத்தையும் பார்க்கவில்லை, சின்ன அப்பாரு முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் உள்ளங்கைக்குள் குலுக்கிக் கீழே போட்டார். நான் அம்மனிடம் வெள்ளை கொடு என்று கேட்டுக்கொண்டுதான் குனிந்தேன். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். இடது பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

சிவப்பு.

சின்ன அப்பாரு பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு பூவை எடுத்து அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கூடப் பார்த்தார். பிறகு அம்மனைப் பார்த்து, "செரி ஆத்தா," என்றார்.

பண்டாரம் மற்ற பொட்டலத்தைச் சட்டென்று எடுத்து இடுப்பில் செருகப் போனார். சின்ன அப்பாருதான் தடுத்தார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, குழந்தை கையில் கொடுங்கள், ஆற்றில் விடட்டும் என்றார். பண்டாரம் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் என் கையில் கொடுத்தார்கள்.

நான் தனியாகப் படித்துறைக்கு இறங்கினேன். எனக்கு அழுகை வந்தது. என் கைக்குக் கிடைக்காமல் போன அந்த வெள்ளைப் பூவை ஒருமுறை பார்க்க வேண்டும்போல இருந்தது. ஒரே ஒரு முறைதானே என்று வாழைநாரை அவிழ்த்தேன். உள்ளேயும் செவ்வரளிதான் இருந்தது.

பெரியவர்களாக இருந்தால் அந்த நிமிஷமே விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது வேறு. பிரிக்கக் கூடாததைப் பிரித்துவிட்டேன், அதனால் அம்மன் கோபம்கொண்டு வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். இலையோடு தண்ணீரில் வீசிவிட்டு ஓடிவந்தேன். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். ஈரத் துணியோடு நின்றதால் வந்தது என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அப்பா நிறுத்த நினைத்தது ஒரே ஒரு பயணத்தை. நின்றுபோனது அந்த மனுஷனே. அவள் நம்ம கட்சி என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு அவள் முகம் திருப்பிக்கொண்டாள் என்பதுதான் கடலைப் பார்க்க முடியாததைவிடப் பெரிய அடி. என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பித்தார். மறந்துபோன நேர்த்திக்கடன் ஏதாவது இருக்குமோ என்று தேடிப்பிடித்து முடிகொடுத்தார், கிடாய் வெட்டினார். அறுபத்தொன்பது வயதில் மாரியம்மன் பண்டிகையில் தீக்குண்டம் இறங்கினார். அதற்கப்புறம் வெளியூர்ப் பயணம் என்ற பேச்சே இல்லை. பாலத்தைத் தாண்டிக் கரூர்ச் சந்தைக்குக் கூடப் போவதை நிறுத்திவிட்டார். தண்ணீருக்குப் பக்கத்தில் போனால் கால் கூசுகிறது என்றார். பரிசலை அம்மா கோழி அடைக்கக் கவிழ்த்துப் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மழையில் சாக்கு கிழிந்தது. பிறகு மூங்கிலை உடைத்து அடுப்பில் வைத்தோம்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் கொடிக்காலில் அப்பா என்னைக் கூப்பிட்டார். அகத்தி நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சின்ன அப்பாருவிடம் மறுபடியும் பூக் கேட்கச் சொல்லிப் பார்த்தாராம், அவர் முடியாது என்கிறாராம். ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்டால் அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடும் என்கிறாராம். நீ சொன்னால் கேட்பார், போய்ச் சொல் என்றார். இந்தமுறை கட்டாயம் வெள்ளைதான் வரும் என்றும் சொன்னார்.

எனக்குப் பதிமூன்று வயது. மூன்று வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"நான் கேக்கமாட்டனுங்கப்பா. நான்தான் கெடுத்துப்போட்டேன். அன்னிக்கு ஆத்துல உடச் சொன்ன பொட்டணத்தைப் பிரிச்சுப் பாத்துட்டேன். நான் பாத்ததுனாலதான் அது செவப்பாயிருச்சுங்க."

அப்பா என்னையே பார்த்தார். எழுந்திருக்கப் போனவர் திரும்பவும் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நீ கெடுக்கலை அம்மிணி," என்றார். "ரெண்டுலயும் செவப்பு வெக்கச் சொன்னது நான்."

பண்டாரம் ஒத்துக்கொள்ளவே இல்லையாம், அப்பாதான் அவர் காலில் விழுந்து கேட்டாராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் என் முகத்தில் முழிக்கமாட்டார் என்றார். என் அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். சரி என்று தலையாட்டினேன்.

பத்து வயதுக் குழந்தை பயந்து வாயை மூடிக்கொண்டதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பதிமூன்று வயதில் எல்லாம் தெரிந்த பிறகும் மூடிக்கொண்டிருந்தேனே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்போது அவருக்கு எழுபத்தொன்று. நன்றாக நடந்துகொண்டிருந்தார். காலையில் எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, வாசல் கட்டிலில் வந்து உட்காருவார். பள்ளிக்கூடம் போகும்போது தாண்டித்தான் போவேன். "பாத்துப் போ சாமி," என்பார். அவருக்கு நான் எப்போதும் சாமிதான். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அப்பாவின் முகம் குறுக்கே வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று போய்விடுவேன். மேலும் மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

காட்டிலும் மலையிலும் சுற்றியவர் கடைசியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில், துணி துவைக்கும் கல்லில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சேலத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டும் எழுந்திருக்கவில்லை. பங்குனி வெயிலில் கட்டிலோடு கிடந்தார். படுக்கைப் புண் வந்தது. இனிமேல் தேறமாட்டார் என்று வைத்தியர் சொன்ன அன்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போதாவது சொல்லிவிடலாம், ஆனால் என்னால் முடியாது, நீயே சொல் என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

அவருக்கு இளநீர் கொடுக்கும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு பொட்டலம், இரண்டிலும் சிவப்பு, ஆற்றங்கரையில் நான் பிரித்துப் பார்த்தது, எதையும் மறைக்கவில்லை. கண்ணை மூடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்த பிறகு கண்ணைத் திறந்தார்.

"அப்ப அவ வேண்டாம்னு சொல்லலையா?"

"இல்லீங்க அப்பாரு. அவுங்ககிட்ட யாருமே கேக்கவே இல்லீங்க."

அவர் முகம் ஒரு நிமிஷம் அப்படியே மலர்ந்தது. ஆறு வருஷமாக நாங்கள் பார்க்காத முகம் அது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்வது போல உதடு அசைந்தது. எனக்கு நெஞ்சு லேசானது. நல்லவேளை சொல்லிவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டார். ஆறு என்றேன். நீ எப்போது தெரிந்துகொண்டாய் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷமாகத் தெரியும் என்றேன். போர்வைக்கு வெளியே கிடந்த தன் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சாமி," என்றார். "அப்ப நடந்துட்டிருந்தனே."

கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் வைத்த செருப்பைக் காணோம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்பது நாள் இருந்தார். அப்பா உள்ளே வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் என்று அப்பா நினைத்தார், இல்லை என்று எனக்குத் தெரியும். என் கையால் கஞ்சி குடித்தார், ஆனால் அந்த ஒன்பது நாளில் ஒருமுறை கூட என்னைச் சாமி என்று கூப்பிடவில்லை.

சொல்லிமுடித்து நான் அன்று அறையைவிட்டு வெளியே வந்தபோது அப்பா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மீசையெல்லாம் நனைந்திருந்தது. என்ன சொன்னார் என்று கேட்கக் கூட அவருக்குத் தைரியம் இல்லை, முகத்தால்தான் கேட்டார்.

"கோவமா ஒண்ணுஞ் சொல்லலீங்கப்பா," என்றேன். "பாசத்துல பண்ணிப்போட்டான், போகட்டும் உடுன்னாருங்க. மன்னிச்சுட்டாருங்க."

அப்பா அதை நம்பினார். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். உறவினர் யார் வந்தாலும், குடித்த காப்பி ஆறும்முன் சின்ன அப்பாருவின் பேச்சை எடுத்து, இவ்வளவு பெரிய தப்புச் செய்தும் சித்தப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சந்தேகம் என்றால் இவளைக் கேளுங்கள், இவள் காதால்தான் கேட்டாள் என்பார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நானும் ஆமாங்க என்பேன்.